பூட்டிய கடைக்குள் மலியா

இராசநாயகம் அண்ணை ஒனிஹங்காவில் டெய்ரி திறந்தது 1991இல். பாலும் பாணும் விற்ற அந்தச் சின்னக் கடைதான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அலுவலகமும். புதிதாக வந்தவர்களுக்கு வீடு, வேலை, மாப்பிள்ளை எல்லாவற்றையும் கவுண்டரில் சாய்ந்தபடியே ஒழுங்கு பண்ணுவார். சங்கத் தலைவராகத் தெரிவானதும் அங்கே நின்றபடிதான். பகலில் கடையை ஒருநாளும் பூட்டியதில்லை.

அப்படிப் புதிதாக வந்த லோஜனாவின் கல்யாணத்துக்கு வர அவளின் பெற்றோருக்கு விசா கிடைக்காததால், அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க அண்ணை ஒப்புக்கொண்டார். கல்யாணம் ஹில்ஸ்பரோ மண்டபத்தில். அன்றைக்கென்று பார்த்து, கடை பார்க்க வரவேண்டியவன் வரவில்லை.

"பிள்ளை மணவறையில இருக்குது, நீங்கள் பால் வித்துக்கொண்டு நிக்கிறியளோ?" என்று மனைவி அன்னபாக்கியம் காரிலிருந்து கத்தினார்.

அண்ணை கதவைப் பூட்டிவிட்டு, சால்வை பறக்க ஓடினார். முகூர்த்தம் முடியமுன் தாரை வார்த்தார். சால்வையால் மூக்கையும் துடைத்தார். பந்தியில் பாயசம் குடிக்கும்போதுதான் முகம் வெளிறியது.

"ஐயோ, மலியா உள்ளுக்கை!"

பக்கத்து வீட்டுச் சமோவாப் பெண்மணி மலியா கடையின் மூலையில் ஐஸ்கிரீம் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் அடியோடு மறந்துவிட்டார்.

மாப்பிள்ளை பொம்பிளை உட்பட அத்தனை பேரும் கார்களில் ஒனிஹங்காவுக்குப் பறந்தார்கள். கடைக்கு வெளியே சனம் வரிசையில் நின்றது. மலியா பக்க யன்னலால் பால் விற்றுக்கொண்டிருந்தார்.

"ஏன் அதற்குள் வந்துவிட்டீர்கள்?" என்றார் ஆங்கிலத்தில். "வியாபாரம் இப்போதுதான் சூடுபிடிக்கிறது. அதுசரி, எனக்குச் சாப்பாடு எங்கே?"

அதன்பிறகு அண்ணை எந்தக் கல்யாணத்துக்கும் கடையைப் பூட்டவில்லை. பந்தியில், கடை பார்க்கும் மலியாவின் சாப்பாட்டைத்தான் முதலில் கட்டச் சொல்லுவார்.