ஒரு காதால் முடித்த ஆல்பம்

கொச்சிப் பக்கம் களமசேரியில் படித்தபோது நாங்கள் இருவராகத்தான் தொடங்கினோம். என் தோழி பாடுவாள். நான் லேப்டாப்பில் தாளமும் இசையும் கோத்துக் கொடுப்பேன். கல்லூரி விழாக்கள், ஹோட்டல் விருந்துகள் என்று சில வருடம் ஓடியது. ஒருநாள் அவள், "எனக்கு மடுத்துப் போச்சுடி, அலுத்துப் போச்சு, இனி முடியாது" என்று சொல்லிவிட்டு வங்கி வேலைக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு மட்டாஞ்சேரி வீட்டின் பின்னறையில் தனியாக ஒரு ஆல்பத்தைத் தொடங்கினேன். எல்லாம் தமிழ்ப் பாட்டுகள். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். வரிகளை மலையாள எழுத்தில் எழுதி வைத்து நானே பாடினேன்.

பாதி முடிந்திருந்தபோது, மழைக்காலத்தில் ஒரு காலை, காதில் வைத்த போனில் சத்தமே வரவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இடது காதுக்கு மாற்றினால் தெளிவாகக் கேட்டது. தண்ணீர் புகுந்திருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று சில நாள் பேசாமல் இருந்தேன். எறணாகுளத்து டாக்டர், "சீக்கிரம் வந்திருக்கணும்" என்றார். மாத்திரைகள் தந்தார். வலது காதில் சத்தம் திரும்பவில்லை.

ஒரு ஒலியை இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் வைத்து நடுவே வெளி உண்டாக்குவது என் வேலையில் பாதி. அந்தப் பாதி போய்விட்டது. வேறு வழியில்லாமல் தோழியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு எனக்காகக் கேட்டாள்.

"வலப்பக்கம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லான்னா? மணிச்சத்தம் தூரத்துல கேக்குதா, கிட்டத்துலயா?"

"எடீ, எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது. நல்லா இருக்கு, அவ்வளவுதான்."

ஒரு ஞாயிறு கத்திவிட்டேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மா என் வலப்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்தப் பக்கம் வந்து மறுபடி சொன்னார்:

"அந்தப் பொண்ணு சாயாகூடக் குடிக்காமப் போறா. என்ன மோளே சொன்ன அவகிட்ட?"

மறுநாள் எல்லா ஒலிகளையும் நடுவுக்கு இழுத்தேன். குரல், தாளம், மணி எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றன. மன்னிப்பு கேட்டு அவளுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் செய்தாள்.

"மூச்சு முட்டுதுடி."

"எனக்கு இப்போ எல்லாமே அப்படித்தான் கேக்குது."

போனிலேயே அவள் அந்தப் பாட்டை மறுபடி ஓடவிட்டாள். பிறகு, "அப்போ மாத்தாத. அப்படியே விடு" என்றாள்.

ஆல்பம் வெளிவந்தது. கேட்டவர்கள் குறைவு. தன் ஹெட்போன் பழுதாகிவிட்டதோ என்று பயந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். ஃபோர்ட் கொச்சியில், ஆட்கள் சுற்றி உட்கார்ந்த, விளக்கணைத்த ஒரு சின்ன ஹாலில் வாசித்தேன். கைதட்டல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் தப்பான பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். சிலர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மேடைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மா ஒரே ஒருமுறை கேட்டார். மூன்றாம் பாட்டில் நிறுத்திவிட்டு, "எல்லாம் சங்கடமால்ல இருக்கு" என்று சொல்லி மீன் நறுக்கப் போனார். சங்கடமாகத்தான் இருந்தது. நான் மீதிப் பாட்டுகளைத் தனியாகக் கேட்டு முடித்தேன்.