மடங்காத விரலும் ஒரு கொக்கி ஊசியும்

2011-ஆம் வருடம். சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாக இருந்தேன். எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் ஒரு வீட்டின் மாடி அறையில் நாலு பேர் வாடகைக்கு இருந்தோம். நாலு பேரும் நாலு கம்பெனி, நாலு ஷிஃப்ட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் செயினைத் துடைக்க வேண்டும் என்பது பைக் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சக்கரம் தானாகச் சுற்றினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கியரையும் போட்டு வைத்திருந்தேன். செயின் துணியை இழுத்தது. துணியோடு என் வலது கை நடுவிரலையும் இழுத்தது.

எலும்பு முறிந்திருந்தது. உள்ளே கம்பி வைத்துக் கட்டுப் போட்டார்கள். சில வாரங்கள் கழித்துக் கம்பியை எடுத்தபோது, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். விரல் குச்சி மாதிரி நின்றது. மடக்கு என்று மூளை சொல்லும். பக்கத்து விரல்கள் இரண்டும் மடங்கும். இது மட்டும் எனக்கென்ன என்று நிமிர்ந்து நிற்கும்.

என் வேலையோ முழுக்க முழுக்க விரல் வேலை. வயர்களின் முனையைக் கனெக்டரில் செருகி, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர்.

"அடுத்த மாசக் கடைசில கம்பெனி டாக்டர் பாப்பாரு. கை நல்லா மூடலைன்னா உன்னை லைன்ல நிறுத்த முடியாது தம்பி. டாக்டர் எழுதிக் குடுக்காம டிரெய்னிக்கு வேற எடமும் இங்க இல்ல" என்றார்.

படப்பையில் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தார். வெந்நீரில் கையை வைத்துவிட்டு, வேளைக்கு நூறு முறை அழுத்த வேண்டும். பந்து இல்லாத நேரத்தில் இன்னொரு கையால் பிடித்து மெதுவாக மடக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? உங்கள் விரலை நீங்களே பார்த்துக்கொண்டு நூறு எண்ணிப் பாருங்கள். இருபதைத் தாண்டுவதற்குள் வலி உயிரை எடுக்கும். முப்பதில் எரிச்சல் வந்து, பந்து சுவரில் போய் அடிக்கும். அந்தச் சுவரில் எத்தனை கறை என்று வீட்டுக்காரம்மாதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கதையில் இன்னொருவன் இருக்கிறான். என் அறையில் இருந்தவன், மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். நல்ல உயரம், தாடி. கம்பெனி வாலிபால் டீமில் அவன் அடித்தால் எதிரே நிற்கிறவன் ஒதுங்கிக்கொள்வான். அப்பேர்ப்பட்டவன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு நூல்கண்டையும் கொக்கி வைத்த ஊசியையும் எடுத்துக்கொள்வான். குரோஷா பின்னுவான். சின்ன வயதில் அக்கா பின்னும்போது பார்த்துக் கற்றுக்கொண்டதாம். மேசை விரிப்பு, குழந்தைக் குல்லா, என்ன ஏது என்றே தெரியாத வட்ட வட்டமான துண்டுகள் என்று ஏதாவது ஒன்று அவன் கையில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

மற்ற இரண்டு பேரும் கிண்டல் செய்வார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம். ஒருநாள் நேராகவே கேட்டேன். "இதை வச்சு என்னலே செய்யப் போற? விக்கியா?"

"இல்லடே."

"அப்ப யாருக்காவது குடுக்கப் போறியா?"

"தோணினா குடுப்பேன்."

"பெறவு எதுக்குலே இது?"

"சும்மாதான். பிடிச்சிருக்கு, செய்யுதேன்."

அந்தப் பதில் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எட்டு மணி நேரம் நின்று உழைத்துவிட்டு வந்து, ஒரு காரணமும் இல்லாமல் ஒருவன் இன்னும் கைவேலை செய்வானா?

இரண்டு வாரம் கழித்து பிசியோதெரபி பெண் கோணம் அளக்கும் கருவியை வைத்து என் விரலை அளந்தார். முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "பந்தை அழுத்தினீங்களா, இல்ல பையிலயே வச்சிருந்தீங்களா? இப்படியே விட்டா அப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்று கடிந்துகொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். பஸ் நகரவே இல்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் வெந்து, ஒரு வழியாக அறைக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். அவனுடைய நூல்கண்டு உருண்டு வந்து என் காலில் சுற்றியது.

அவ்வளவுதான். காலை ஓங்கி உதறினேன். நூல் இழுபட்டு அவன் மடியில் இருந்தது சரசரவென்று பிரிந்தது. அது நாலைந்து நாள் வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னொரு முறையும் இழுத்தேன். "ஆம்பளையாலே நீ? பொட்டச்சி மாதிரி எந்நேரமும் நூலக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க! உன்கூட ஒரே ரூம்ல இருக்கேன்னு சொல்லவே வெக்கமா இருக்கு!"

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். அறைத் தோழர்களில் மற்றொருவன் மெதுவாக வெளியே போனான். வாலிபால் அடிக்கும் அந்தக் கையால் இவன் ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த நூலையெல்லாம் பொறுமையாகச் சுற்றி எடுத்துக்கொண்டான்.

விரல் உடைந்த நாளிலிருந்து காலையில் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது அவன்தான். மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, இடது கையால் ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். அவன் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துப் பொத்தானில் ஆரம்பித்து, கீழ்வரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, டிஃபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். அவன் போன பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கூசிப்போய் நான் நின்றதில்லை.

மூன்றாம் நாள் மாலையில் நானே போய் அவன் எதிரே உட்கார்ந்தேன். "தப்பா பேசிட்டேன்லே. மன்னிச்சிரு" என்றேன்.

"சவத்த விடு. கையக் காட்டு" என்றான். விரலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு பெட்டியைத் துழாவி இருப்பதிலேயே தடித்த கொக்கி ஊசியை எடுத்தான். அதன் பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, என் கையில் வைத்தான். "பந்து ஒனக்குச் செரிப்படாது. இதைச் செய்து பாரு. மூணு வெரலும் சேந்து பிடிக்கணும், கேட்டியா?"

மறுக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

அன்று ஆரம்பித்த கஷ்டத்தை என்னவென்று சொல்வது! நூலைக் கொக்கியில் மாட்டி, வளையத்துக்குள் இழுத்து, மறுபடி மாட்டி இழுத்தால் சங்கிலி மாதிரி வரும். அவனுக்கு வரும். எனக்கு ஒரு கண்ணி யானை நுழையும் அளவுக்கு இருக்கும். அடுத்தது ஊசிமுனைகூட நுழையாது. பதினைந்து கண்ணி போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் பதின்மூன்றுதான் இருக்கும். அடுத்த வரியில் பதினொன்று. சதுரமாக ஆரம்பித்தது முக்கோணமாக முடியும். போன கண்ணிகள் எங்கேதான் போயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவன் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வான். "பிரி."

அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ரெண்டு கண்ணிதானலே, இருந்துட்டுப் போகட்டும்" என்பேன். "பிரிடே" என்பான். ஒரு மணி நேர வேலை ஒரு இழுப்பில் போகும்.

மற்றவர்களும் சும்மா விடவில்லை. ஒரகடத்து வெயிலில், "அண்ணே, எனக்கு எப்ப ஸ்வெட்டர்?" என்று கேட்டான் ஒருவன். வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரைப் போட வந்தவர் கதவருகில் நின்றுவிட்டார். "இன்னாப்பா, அன்னிக்கி அந்தப் பையனை அந்தக் கத்து கத்துனே. இப்ப நீயே ஊசிய எட்துக்கினு குந்திக்கினுகிறே?" என்று கேட்டார். நான் கண்ணி எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். "சரி சரி, நல்லா வந்துச்சின்னா நம்ம வூட்டு டிவிக்கு ஒரு உறை போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் விரல் மடங்குமா என்பதே கேள்விக்குறியாக இருக்க, அதற்குள் ஆர்டர்!

பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் ஒரு பக்கம் பின்னிக்கொண்டிருந்தான், நான் ஒரு பக்கம். முதல் வரி பதினைந்து. திரும்பி வந்தேன், பதினைந்து. மூன்றாவது வரியும் பதினைந்து. மூச்சை விட்டால்கூட ஒரு கண்ணி ஓடிவிடுமோ என்ற பயத்தில் நாலாவது வரியைப் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் நினைவிலேயே இல்லை.

"எடே, ஒன் வெரலப் பாரு" என்றான் அவன், மெதுவாக.

பார்த்தேன். நடுவிரல் ஊசியை வளைத்துப் பிடித்திருந்தது. முழுக்க இல்லை. ஆனால் இரண்டு கணுவிலும் மடங்கி, பக்கத்து விரலோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்த பிறகுதான் அதற்கு வலியே ஞாபகம் வந்தது மாதிரி வலிக்க ஆரம்பித்தது.

ஊசியோடு கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவனோ எட்டிப் பார்த்து, "கொள்ளாம், நல்லாத்தான் மடங்குது. ஆனா நாலாவது வரில ஒரு கண்ணிய விட்டுட்ட, பிரி" என்றான். அன்று மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

படப்பையில் அந்தப் பெண் இரண்டு முறை அளந்து பார்த்தார். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். வெட்கத்தில், "பந்துதான் மேடம்" என்றேன். "பந்தால இந்தப் பிடிப்பு வராது, உண்மையைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் சிரிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சிரிக்கவில்லை. மறுமுறை வரும்போது ஊசியும் நூலும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். கை மரத்துப்போய் வந்திருந்த ஒரு லாரி டிரைவருக்கும், மணிக்கட்டு முறிந்த ஒரு டீச்சருக்கும் எதிரில் உட்கார்ந்து, வியர்க்க வியர்க்க ஒரு வரி பின்னிக் காட்டினேன். டீச்சர் என் பிழையைக் கண்டுபிடித்தார். டிரைவர், "இது எங்க கெடைக்கும் சார்?" என்று கேட்டார்.

மாதக் கடைசியில் கம்பெனி டாக்டர் கையை மூடச் சொன்னார். நடுவிரல் நுனி உள்ளங்கையைத் தொடவில்லை, இன்றுவரை தொடுவதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்று மாதம் முடிந்த பாகங்களைச் சரிபார்க்கும் சோதனை மேசையில் உட்கார வைக்கலாம், பிறகு லைனுக்கு அனுப்பலாம் என்று எழுதிக்கொடுத்தார். வேலை தப்பியது.

அடுத்த வருடம் ஓசூர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்து அவன் போய்விட்டான். இன்னமும் போனில் பேசிக்கொள்கிறோம். வீட்டுக்காரம்மாவுக்கு டிவி உறையும் போட்டுக் கொடுத்தேன். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைப் பெருமையாகப் போட்டு வைத்திருந்தார்.

விரலுக்காக இனி பின்ன வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் கம்பெனி பஸ்ஸில் ஊசியை எடுத்துவிடுகிறேன். ஃபேக்டரியில் நான் தொடும் ஒவ்வொரு பீஸையும் யாராவது அளந்து பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சொல்கிறார்கள். இதை யாரும் அளப்பதில்லை. தப்பு வந்தால் பிரித்துவிட்டு மறுபடி போடலாம். பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், சிலர் சிரிக்கவும் செய்வார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. தனக்குப் பிடித்ததை அமைதியாகச் செய்கிற ஒருவனைக் கேவலமாகப் பேச, எனக்கு அன்று என் எரிச்சலைத் தவிர வேறு ஒரு நியாயமும் இருக்கவில்லை என்ற நினைப்பு இன்னும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.