அண்ணனுக்குப் பக்கத்துப் படுக்கை

எங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, மெல்போர்னில் ஒரு நர்ஸ் வீடு தேடி வந்தார். கெல்லி என்று பெயர். பூனையோடு விடவில்லை, அலமாரியின் அகலம், சன்னலின் தாழ்ப்பாள், கை கழுவும் தொட்டி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்தார். அப்பா வழியில் வந்த நீர்க்கட்டிகளால் என் சிறுநீரகம் இரண்டும் வேலை நிறுத்தத்துக்குத் தயாராகிவிட்டன. மனைவி கலாவுடையது எனக்குப் பொருந்தவில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை டயாலிசிஸ்தான். அதை எந்த வழியில் செய்துகொள்வது என்று நான் முடிவு சொல்ல வேண்டும்.

வழி இரண்டு. கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்துக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய், ஊசி குத்தி அரை நாள் இயந்திரத்தோடு கிடப்பது ஒன்று. வயிற்றில் மெல்லிய குழாய் வைத்து, பையிலுள்ள திரவத்தை உள்ளே இறக்கி, சில மணி நேரம் கழித்து அதை அழுக்கோடு வடித்துவிட்டுப் புதுசை இறக்குவது இன்னொன்று. இதை வீட்டிலேயே, தினமும் பல தடவை செய்ய வேண்டும். முதலாவதில் தண்ணீரை அளந்துதான் குடிக்க முடியும். இரண்டாவதில் கொஞ்சம் தாராளம், ஆனால் சுத்தம் தப்பினால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். பூனை விசாரணையெல்லாம் அதற்குத்தான்.

கெல்லி உட்கார்ந்ததும் வழக்கம்போல ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். நம் பக்கத்தில் வாசல் ஏறி வந்தவருக்கு முதலில் தண்ணீர்தானே. அவர் சொம்பைத் தூக்கிப் பார்த்து, "ஒரு நாளைக்கு நீங்கள் குடிப்பது இவ்வளவுதானா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவர் பேச்சை மறுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல கட்டுப்பாடு என்று பாராட்டினார். பிறகு எந்த வழி வேண்டும் என்று கேட்டார். "நீங்கள் எது சொன்னாலும் சரி" என்றேன். "நான் சொல்லக் கூடாது, இது உங்கள் வாழ்க்கை" என்றார். நான் மரியாதைக்குச் சொன்னதை அவர் குழப்பம் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு வாரம் யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது எனக்கு அண்ணன் மேல் பொறாமை வந்தது. புதுசு இல்லை, பழைய பொறாமைதான், மறுபடி கிளம்பியது. அண்ணனுக்கும் இதே நோய், எனக்கு முன்னாலேயே முற்றிவிட்டது. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். டயாலிசிஸுக்குக் கோயமுத்தூர் வருகிறார். போன தையில் ஊருக்குப் போயிருந்தபோது நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்தால் அது ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. ஒருவர் தென்னையில் வெள்ளை ஈ விழுந்த கதையைச் சொல்கிறார், இன்னொருவர் பெண்ணுக்கு வரன் விசாரிக்கிறார். பக்கத்துப் படுக்கையில் அவிநாசிக்காரர் ஒருவர், ஊசி குத்திய கையை நீட்டியபடியே என்னைப் பார்த்து, "ஏனுங்க, தம்பிங்களா? அண்ணன் உங்களைப் பத்தித்தான் ஓயாம சொல்லுவாருங்க. உக்காருங்க" என்றார். அவர் படுக்கை எனக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நோயாளியின் படுக்கைக்கு ஆசைப்பட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதோடு முடியவில்லை. உறவுக்காரர் வீடுகளுக்குப் போனால் எனக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் வரும். அண்ணனுக்கு மட்டும் விரல் உயர டம்ளரில் ஒரே ஒரு வாய். "சும்மா நனைச்சுக்கங்க" என்று நீட்டுவார்கள். தண்ணீர் கொடுக்காமலும் இருக்க முடியாது, கொடுத்தால் அவருக்கு ஆகாது. எந்த வீட்டிலும் அவர் வாய் திறந்து விளக்கவில்லை, அவர்களாகவே அந்தக் குட்டி டம்ளரைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். இங்கே ஒரு விருந்துக்குப் போனால் எதைக் குடிக்கக் கூடாது, ஏன் கூடாது என்று நான் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வாய்த் தண்ணீரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அன்று டயாலிசிஸ் முடிந்து கோயமுத்தூரிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது காரின் பின் சீட்டில் அண்ணன் சுருண்டு படுத்திருந்தார். இயந்திரம் அவர் உடம்பிலிருந்து எடுத்த தண்ணீர் அதிகம், கால் இழுத்துப் பிடித்தது. நான் முன்னால் உட்கார்ந்து, அந்தக் கூட்டத்தையும் பேச்சையும் புகழ்ந்துகொண்டே வந்தேன். உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

"உன்னைய அங்க கேப்பாங்கல்ல, எது வேணும்னு?" என்றார் அண்ணன். "என்னைய ஆரு கேட்டா? டாக்டர் கைய நீட்டுங்கன்னாரு, நீட்டிப்போட்டேன். வயித்துல பை வெச்சு ஊட்லயே பண்ணலாம்னு ஒண்ணு இருக்குதுன்னே அப்பறந்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா தோப்புலயே இருந்திருப்பேன் கண்ணு. இன்னிக்குப் பூராப் போச்சு, நாளைக்கும் எந்திரிக்க முடியாது."

அவர் என்மேல் பொறாமைப்படுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. நியாயமாக எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. படுத்துக்கிடந்தவருக்குக் காலைப் பிடித்துவிட அண்ணி இருந்தார், வழியில் நிறுத்தி நலம் கேட்க ஆள் இருந்தது. எல்லாம் இருந்தும் என்னிடம் இருப்பதற்கு ஏங்குகிறாரே என்று கோபம்தான் வந்தது.

கெல்லி கொடுத்த அந்த வாரத்தில், கையில் ஊசி குத்தும் வழியே போதும் என்று கலாவிடம் சொன்னேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் பக்கத்திலேயே ஒரு படுக்கை சொல்லி வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. கலா சோற்றை வடித்துக்கொண்டே, "ஏனுங்க, ஊருக்கு வருசத்துல ஒரு மாசம் போவீங்களா? மிச்ச மாசம் ஆரு பக்கத்துல படுப்பீங்க?" என்றாள். "அண்ணன் மேல பொறாமைப்பட்டுட்டு கையில ஓட்டை போட்டுக்காதீங்க."

அவள் வாயை அடைக்கத்தான் இங்குள்ள டயாலிசிஸ் பிரிவைப் பார்க்கப் போனேன். எல்லாம் பளிச்சென்று இருந்தது. வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் தனி டிவி, ஒவ்வொருவர் காதிலும் ஹெட்போன். சன்னலோரம் இருந்த பெரியவரிடம் போய், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இந்த நாற்காலி என்னுடையது, உங்களுடையது காலியாகும்வரை வெளியே இருங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் ஆசைப்பட்டது டயாலிசிஸுக்கு இல்லை, அந்த அவிநாசிக்காரருக்கு என்பது அங்கேதான் உறைத்தது.

வயிற்றில் குழாய் வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிறேன், கொஞ்சம் தெம்பாகவும் இருக்கிறது. சேதியை அண்ணனுக்குப் போனில் சொன்னேன். "செரி கண்ணு, நல்லதாப் போச்சு" என்றார். அந்த நல்லதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. எனக்கு அது திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவருக்கு விடியற்காலை ஷிப்ட். எனக்கு அது நண்பகல், பை மாற்றும் நேரம். வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, போனை டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்துவிட்டு அவர் கையை நீட்டிப் படுப்பார். நான் கதவைச் சாத்தி, மாஸ்க் போட்டு, பையை மாட்டிவிட்டு அங்கே நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நேற்று அண்ணன் கண்ணயர்ந்துவிட்டார். அவிநாசிக்காரர்தான் எட்டிப் பார்த்து, "ஏனுங்க தம்பி, எப்ப இங்கயே வாரீங்க? சோடிப் படுக்கை கேட்டு வாங்கிப்போடலாமுங்க" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் மாட்டியிருந்த பையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் அவருடைய இயந்திரம் கூவியது, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓடி வந்த நர்ஸ் பெண் அதைச் சரிசெய்து நிமிரும்போதுதான் எனக்குப் பதில் வந்தது.

"வாரேனுங்க" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி தெரியாது, காதில் விழுந்தது என் பதில் மட்டும்தான். நம் ஊரில் விடைபெறுகிறவரும் அதைத்தானே சொல்வார். "செரிங்ண்ணா, போயிட்டு வாங்க" என்று சிரித்துவிட்டுப் போனை அணைத்தாள். என் வயிற்றில் புதுத் திரவம் பாதிதான் இறங்கியிருந்தது. மீதியும் இறங்கும்வரை நான் எழுந்திருக்க முடியாது.