பின்மாடியில் பிசகிய குரல்

அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் பிழையார். பிழையைப் பிடித்தே பிழைக்கிறவர் என்று எந்திரம் ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். அவருக்கும் அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த நீள அறையின் கோடியில், சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் அடியில் மரஸ்கேலை நகர்த்தி நகர்த்தி, சிவப்புப் பேனாவும் கையுமாக மெய்ப்புத் திருத்தியவர். ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரும் அவன் அப்பாவின் பெயரும் இடம் மாறியிருந்தன. இரண்டு வீட்டாரும் படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் அது. "அப்பாவுக்குப் பொண்ணு கட்டி வெச்சிருப்பாங்க" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு முதலாளியே வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

தொல்லை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமையும் அவரால் அந்தப் பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை.

ஆலயத்தில் கடைசிக்கு மூன்றாவது பெஞ்சு அவருடையது. அதற்கு நேர் மேலேதான் பின்மாடி. பாடகர் குழு அங்கே நிற்கும். உட்கார்ந்ததும் ஆராதனை முறை அச்சிட்ட தாளை எடுத்து ஒற்றெழுத்து விட்டுப்போன இடங்களைச் சுழிப்பார். பிரசங்கம் நீண்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். சுருங்கினால் "சம்பளம் வாங்கிறவர் இன்னும் கொஞ்சம் தயார் பண்ணலாம்" என்பார். மின்விசிறி கிறீச்சிடுகிறது, ஒலிபெருக்கி இரைகிறது, முன்வரிசைக் குழந்தைகளின் செருப்பு சத்தம் போடுகிறது. மாதத்துக்கு ஒரு கடிதமாவது போதகரின் மேசைக்குப் போய்விடும். எழுத்தெல்லாம் முத்து முத்தாக, அடியில் அவருடைய கையெழுத்தோடு.

சபையார் அவரைக் கண்டால் ஒதுங்கினார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மை. அவர்களுக்கும் அவர் தேவைப்பட்டார். பிரசங்கத்தில் குறட்டை விடுகிற மனிதர், பக்கத்துப் பெஞ்சுக்காரர் குறட்டை விடுவதாக அவரிடம் வந்து சொல்வார். பூ அலங்காரம் செய்கிற இரண்டு பெண்மணிகள் ஒருவரைப் பற்றி ஒருவர் தனித்தனியாக வந்து ஓதுவார்கள். "நாங்க சொன்னா எடுபடாது, நீங்க எழுதினாத்தான் போதகர் கேப்பார்" என்று ஆளுக்கு ஆள் ஏற்றிவிட, சபையின் மனசாட்சியே தான்தான் என்று அவரும் நம்பிவிட்டார்.

அவர் மனைவிக்கு மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க "வணக்கம், எந்தப் பிரிவு வேணும்?" என்று கேட்கிற வேலை. எதிர்முனையில் அழுகிறவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டதும் மூச்சை இழுத்துவிட்டு நிதானமாகப் பேசுவார்களாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பின்மாடியில் பாடிக்கொண்டிருந்தவள். அவர் பெண் பார்க்கப் போயிருந்தபோது அடுத்த அறையில் யாரோ என்னவோ முணுமுணுத்தபடி பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "அது யாரு?" என்று கேட்டார். பெண்தான் என்றார்கள். முகத்தைப் பார்க்குமுன்பே சம்மதம் சொல்லிவிட்டார்.

சொன்னவர்தான், பிறகு மெய்ப்புத் தாள்களை வீட்டுக்கு எடுத்துவர ஆரம்பித்ததும், "கொஞ்சம் சும்மா இரேன், வரி தவறுது" என்றார். அவள் சமையலறைக்குப் போய்ப் பாடினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். எந்த வருஷம் வீட்டில் பாடுவதையே நிறுத்தினாள் என்று அவருக்குத் தெரியாது. நின்றதைக் கவனித்தால்தானே தெரியும்?

அவர்கள் கல்யாணமாகி முப்பத்தொன்றாவது வருஷம் அது. பின்மாடியிலிருந்து வருகிற பாட்டில் ஒரு குரல் பிசக ஆரம்பித்தது. மேலே ஏறவேண்டிய இடத்தில் உடைந்தது. தாழ்ந்த இடத்தில் காற்றாகப் போனது. பெண்கள் பக்கம் பன்னிரண்டு பேர். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு முகம் தெரியாது. நான்கு வாரம் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாவது வாரம் உட்கார்ந்து எழுதினார்.

"பாடகர் குழுவில் பெண்கள் பக்கம் ஒரு குரல் ஓட்டைப் பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கிறது. ஆண்டவருக்குப் படைப்பதில் இந்த அலட்சியம் தகுமா? பாட முடியாதவர்கள் கீழே வந்து உட்காரலாமே."

யாரோ ஒரு பெண்ணின் குரலைப் பற்றி எழுதுவது அவருக்கே சற்றுக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயர் போடாமல், சபையின் நலம் விரும்பி என்று முடித்துக் காணிக்கைப் பெட்டியில் போட்டார்.

இரண்டு ஞாயிறு கழித்து அவர் மனைவி மாடிக்குப் போகாமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன, மேல போகலியா?"

"முட்டி வலிக்குதுங்க. படி ஏற முடியல."

பாட்டுப் பாடும்போது அவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அன்றைக்குப் பாட்டு பிசிறில்லாமல் இருந்தது. வீட்டுக்கு நடக்கையில் அவருக்கு ஒரே திருப்தி.

"பாட்டு இப்ப தேவலை, கவனிச்சியா? எவளோ ஒருத்தி கெடுத்துக்கிட்டு இருந்தா. நிறுத்திட்டாங்க போல."

"ம்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள். "அந்தச் சத்தத்தை நிறுத்தித் தொலையேன்" என்றார். "ஏதோ மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்குங்க" என்றாள். "தண்ணியைக் குடி." வேலையிடத்தில் போனில் பேசியவர்கள் "யாரு, ஆம்பளையா?" என்று கேட்கத் தொடங்கியபோது, அங்கிருந்த மருத்துவர் ஒருவரே அவளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். குரல்வளையில் புற்று.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று, வரவழைத்த கணவரிடம் கேட்டார் மருத்துவர்.

பிழையார் மனைவியைப் பார்த்தார். அவள் ஏழு விரல்களைக் காட்டினாள்.

"ஏழு மாசமா? வீட்டுல யாருமே கவனிக்கலியா?"

அச்சுப்பிழை ஒன்றைக்கூட விடாத மனிதர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுவைச் சிகிச்சை அன்று காலையில் பாடகர் குழுத் தலைவி ஒரு பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். சக்கர நாற்காலிகள் போகிற நடைவழியில் ஒரு இரும்புப் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீயை ஊற்றிக் கொடுத்தவள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

"எந்தப் பாவி எழுதினானோ அண்ணே. ஓட்டைப் பானையாம். போதகர் அதை என் கையில குடுத்து, பாத்துக்கங்கன்னுட்டார். நானும் புத்தி கெட்டுப்போய் எல்லார் முன்னாடியும் படிச்சிட்டேன். அக்காதான் எழுந்து, குடுங்க பாப்போம்னு வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் மடிச்சுக் குடுத்துட்டு, அது நான்தான், நான் நின்னுக்கறேன்னாங்க. உங்ககிட்ட சொல்லலியா?"

அவர் கையிலிருந்த டீ தம்ளர் சாய்ந்து முழங்காலில் கொட்டியது. சூடு தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள் என்கிறாளே. மளிகைச் சீட்டிலிருந்து மகளின் பள்ளிக்கூட விடுப்புக் கடிதம் வரை முப்பத்தொரு வருஷமாக அவர் கையெழுத்தைப் பார்த்தவள் அல்லவா? பார்த்துவிட்டு அன்று வீட்டுக்கு வந்து சமைத்திருக்கிறாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பாட்டு தேவலை என்று அவர் சொன்னதற்கு "ம்" கொட்டியிருக்கிறாள்.

"நான்தாம்மா எழுதினேன்" என்றார்.

தையல்காரி முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள்.

"அன்னிக்கு அவங்க ஏன் அழலன்னு எனக்கு இவ்வளவு நாளாப் புரியல" என்றாள். எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவரிடம் அவள் பேசவே இல்லை.

உயிரைக் காப்பாற்றினார்கள், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை. பேச வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள். பத்தாம் நாள், நர்ஸ் வெளியே போனதும், அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு நோட்டை எடுத்தாள்.

"தெறியும்."

வல்லின ற. பிழை. அவர் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. அந்தக் கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

"ஏன் என்கிட்ட கேக்கல? சண்டை போட்டிருக்கலாமே நீ."

அவள் சற்று யோசித்து எழுதினாள். "சொன்ன விதம் சரியில்லைன்னு சொல்வீங்க."

குற்றம் சாட்டுகிற முகமாக அது இல்லை. மழை பெய்யும் என்று சொல்வதுபோல எழுதியிருந்தாள்.

போதகரிடமும் போய்ச் சொன்னார். இளம் வயதுக்காரர், மேசையில் முழங்கைகளை ஊன்றித் தலையைப் பிடித்துக்கொண்டார். "பேர் போடாத கடிதம். கிழிச்சுப் போட்டிருக்கணும். யாரு எழுத்துன்னுகூடப் பாக்காம, ஒரு வார்த்தை விசாரிக்காம கைமாத்திவிட்டேன். எனக்கும் பங்கு இருக்கு ஐயா." சபைக்கு முன்னால் நின்று சொல்கிறேன் என்றார் பிழையார். அதற்கு வேலையே வைக்கவில்லை சபையார். அடுத்த ஞாயிற்றுக்குள் செய்தி ஆலய வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை போயிருந்தது. "நீங்க எழுதினாத்தான் எடுபடும்" என்றவர்கள்தான் முதலில் பெஞ்சு மாறி உட்கார்ந்தார்கள். அவர் காதுபடவே பேசினார்கள்.

மனைவி இரண்டு வருஷமும் மூன்று மாதமும் இருந்தாள். அவளை அவர் குறை வைக்காமல் பார்த்துக்கொண்டார்; துளையைச் சுத்தம் செய்ய, கூழ்போல அரைத்துக் கொடுக்க, எல்லாம் கற்றுக்கொண்டார். அவளும் முகம் கோணவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பிடியைப் பற்றி மெல்ல மெல்லப் படியேறி மாடிக்குப் போய்விடுவாள். அங்கே பாடுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாளாம். அவர் கீழே, ஆளில்லாத பெஞ்சில். மன்னித்தாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகு நோட்டுகளையெல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தார். பால் வந்ததா, சாவி எங்கே, மகளுக்குப் போன் போடுங்கள், வெந்நீர் போதும். தேடிய சொல் எதிலும் இல்லை.

ஒருநாள் வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மா பாடினது எதாவது உன்கிட்ட இருக்காம்மா?"



"ஒண்ணே ஒண்ணு இருக்குப்பா. என் பாப்பாவைத் தூங்கவெக்கப் பாடினாங்க. எனக்கே மறந்துபோச்சு, போன வாரம்தான் பழைய போன்ல கிடைச்சது. அரை நிமிஷம்கூட இருக்காது."

"ஏன், அவ்வளவுதான் பாடினாளா?"

"நீங்க அடுத்த ரூம்ல இருந்தீங்க. என்ன அங்க சத்தம், மனுஷன் படிக்க வேணாமான்னு கேக்கறீங்க. அம்மா நிறுத்திடறாங்க." "உங்க குரலை மட்டும் எடுத்துட்டு அனுப்பலாம்னு பாத்தேன்பா. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணா இருக்கு. பிரிக்க வரல."

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பரவாயில்ல" என்றார். "அப்படியே அனுப்பு."