சாமி காத்த முதற்பதிப்புகள்

பழைய புத்தகம் சேர்க்கிற ஆக்கள் பூச்சிக்குப் பயப்படுவினம். எனக்கோ தெரிஞ்ச ஆக்களைக் கண்டாத்தான் பயம். நான் தேடித் தேடிச் சேர்க்கிறது அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களின்ர முதற்பதிப்புகள். மெல்பேர்னுக்கு வந்த புதுசில, நூலகத்தில எடுத்த அப்படியொரு நாவலை வாசிச்சுப்போட்டு பஸ்ஸில அழுதுகொண்டு வந்தனான். வீடு வாசலை விட்டு ஓடின சனத்தின்ர கதை. அண்டைக்குப் பிடிச்ச விசர் இது. ஆனா அந்த நாவலின்ர முதற்பதிப்பு மட்டும் அகப்படவேயில்லை. உங்களுக்கும் இப்படியொரு விசர் இருந்தா என்ர பாடு விளங்கும்.

கிழிஞ்ச உறை

மெல்பேர்னில நாங்கள் இருக்கிற டார்னெய்ட்டில, பக்கத்து வீட்டு ராசம் அன்ரி என்ர முதற்பதிப்பில ஒண்டை வாசிக்கக் கேட்டா. வாய் தவறி ஓம் எண்டிட்டன். முதற்பதிப்புக்கு மேலுறைதான் உயிர், அது இல்லாட்டி மதிப்பே விழுந்துபோகும். திரும்பி வந்த புத்தகத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின்ர கொப்பி மாதிரி பிறவுண் பேப்பர் போட்டு, லேபிள் ஒட்டி, என்ர பேரும் எழுதியிருந்தது. மேலுறை எங்கயெண்டு கேட்டன். அன்ரி சிரிச்சுக்கொண்டு சொன்னா: "கிழிஞ்ச உறையை எறிஞ்சுபோட்டன் பிள்ளை, இனி நீ வெட்கப்படாமல் வெளியில கொண்டுபோகலாம்."

அன்னதான வரிசை

வெயிலில காரில வைக்கப் பயந்து, அப்பத்தான் வாங்கின ஒரு முதற்பதிப்பைக் கோயில் வரிசையிலயும் அணைச்சுக்கொண்டு நிண்டன். பின்னால நிண்ட அங்கிள் மஞ்சள் பிடிச்ச தாளைப் பார்த்து, மெல்லமாக் கேட்டார்: "வேலை ஏதும் போயிட்டுதோ பிள்ளை? மகனிட்டச் சொல்லிப் புதுப் புத்தகமா ஒண்டு வாங்கித் தாறன்."

சரஸ்வதி பூசை

சிட்னியில மார்கரெட் எண்டொரு வயசான மனுசி, அவவும் சேர்க்கிற ஆள். நான் தேடின அதே முதற்பதிப்பு அவவிட்ட இருந்தது. "பத்திரமா வச்சிருக்கிற ஆளுக்குச் சும்மாவே தருவன், முதல்ல வீட்டைப் பார்க்கவேணும்" எண்டு பிளேன் ஏறி வந்திட்டா. வந்த நாள் சரஸ்வதி பூசை! என்ர மனுசன் அலுமாரியையே காலியாக்கி, எல்லாப் புத்தகத்தையும் சாமிப் படத்துக்கு முன்னால அடுக்கி, சந்தனம் குங்குமம் வச்சிருந்தார். நான் பிளாஸ்டிக் உறை போட்டு வச்சதால தப்பிச்சுது.

மார்கரெட் ஆசையாக் கையை நீட்டினா. இவர் குறுக்க பாய்ஞ்சார். விஜயதசமி வரைக்கும் ஒருத்தரும் புத்தகம் தொடக்கூடாதாம். "ஐயோ, உங்களுக்கு அறிவிருக்கோ?" எண்டு கத்தினன். மனுசன் அசையேல்லை. எல்லாம் போச்சு எண்டு எனக்கு அழுகையே வந்திட்டுது.

மார்கரெட் விழுந்து விழுந்து சிரிச்சா. "தொடாதேங்கோ, தொடாதேங்கோ எண்டு வீட்டுக்கு வாற ஆக்களிட்ட நான் கத்தினதுதான் மிச்சம், உங்கட மனுசன் கடவுளையே காவலுக்கு வச்சிருக்கிறார்."

கைப்பையில இருந்து நாவலை எடுத்து அவ குடுத்தது இவரின்ர கையில. இவர் அதையும் சாமிக்கு முன்னால வச்சிட்டார். நான் அதைத் தொட்டது அடுத்த நாள் விஜயதசமியில, தலைமுழுகி, இவரிட்ட அனுமதி கேட்ட பிறகுதான்.