படத்துக்குள் இருந்த தேதி

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய நிரல் ஒன்றைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். யாராவது எங்கள் தளத்தில் ஒரு ஃபைலை ஏற்றினால், அது படமா இல்லையா என்று அந்த நிரல் சொல்ல வேண்டும். அவள் ஃபைல் பெயரின் வாலை மட்டும் பார்த்திருந்தாள். ஜேபிஜி என்று முடிந்தால் படம், அவ்வளவுதான். நான் ஒரு பாட்டு ஃபைலை எடுத்து, வாலை ஜேபிஜி என்று மாற்றி ஏற்றினேன். நிரல் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள். அவளுடைய லேப்டாப் சூடாகி, பிளாஸ்டிக் இளகுகிற மாதிரி ஒரு வாசனை அடித்தது. அந்த வாசனை வந்ததும் எனக்குக் கொல்லிமலைச் செம்மேடு நினைவுக்கு வந்துவிட்டது.

செம்மேட்டில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் லேமினேஷன் மெஷின் சூடேறினால் இதே வாசனைதான். பக்கத்துக் கடையில் பலாப்பழம் இருக்கும், எதிரே மொட்டைமாடியில் மிளகு காயும். மூன்றும் கலந்து ஒரு வாசனை. அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் மலை பல நாடுகளாகப் பிரிந்தது, நான் திருப்புலி நாட்டுக்காரி. நாமக்கல்லில் பி.சி.ஏ. முடித்துவிட்டுத் திரும்ப மலையேறி வந்து வேலைக்குச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெங்களூர் பஸ் பிடித்தபோது நான் கொல்லிமலை பஸ் பிடித்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு.

ஸ்டுடியோ முதலாளி அன்வர் பாய், அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்காரர். தினமும் வளைவெல்லாம் வண்டியில் ஏறி வருவார். மலையில் நடந்த கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட விழா எல்லாம் அவர் கேமராவில்தான் விழுந்தன. என் வேலை ஆல்பம் வடிவமைப்பது. வடிவமைப்பது என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில் மணமக்களை வெட்டிப் பனிமலை முன்னால் ஒட்டுவது. சுவிட்சர்லாந்தில் நிற்காத ஜோடி அந்தக் காலத்தில் எங்கள் மலையில் குறைவு. ஒரு மாப்பிள்ளையைச் சரியாக ஒட்டாமல், பனிக்குமேல் ஒரு சாண் உயரத்தில் மிதக்கவிட்டுவிட்டேன். அவர்கள் வீட்டில் அதையே பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு மாட்டினார்கள்.

பூங்கொடி கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். குண்டூர் நாட்டுப் பெண், என் வயதுதான் இருக்கும். முழுகாமல் இருந்தாள். தன் கல்யாணப் படம் வேண்டும் என்றாள். அன்வர் பாய்க்கு அவளை நினைவிருந்தது. போன ஆவணியில், ஒரு சின்னக் கோயிலில், ஆளே இல்லாமல் நடந்த கல்யாணம் அது. பையன் வாழவந்தி நாடு. அவன் வீட்டுக்குத் தெரியாமல் நடந்தது. பெண்ணின் அப்பா, பையனுடைய சிநேகிதர் இரண்டு பேர், பூசாரி, அன்வர் பாய். அவ்வளவுதான் கூட்டம்.

மீதியை அவளே சொன்னாள். கல்யாணம் முடிந்து திருப்பூரில் கொஞ்ச நாள் குடியிருந்தார்கள். அப்புறம் அவன் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவன் வரவில்லை. தேடிப் போனால் வேறு இடத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். அவன் வீட்டில், கல்யாணமே நடக்கவில்லை, யார் பிள்ளையையோ சுமந்துகொண்டு வந்து நிற்கிறாள் என்றார்கள். அவளுடைய அப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார். பூசாரி எங்கே போனார் என்று தெரியவில்லை. சிநேகிதர் இரண்டு பேரும் நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். எங்கள் கடையில் கொடுத்த கல்யாணப் பட சிடியை அவன் திருப்பூரிலேயே உடைத்துப்போட்டிருந்தான். நாட்டுப் பெரியவர்கள் கூட்டம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கையில் ஏதாவது இருந்தால் கொண்டுவா என்று.

நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடையின் ஹார்ட் டிஸ்க் அந்தக் கோடையில்தான் படுத்திருந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் செத்துவிட்டது. சேலத்தில் கொடுத்துச் சரிபார்த்ததில் உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் ஃபைல்களின் பெயர் எல்லாம் போய்விட்டது. வெறும் எண்கள், வாலில் சிஹெச்கே என்று மூன்று எழுத்து. எது படம், எது பாட்டு, எது பில் என்று தெரியாது. தேதி பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, சேலத்தில் எடுத்துக் கொடுத்த தேதி. பாய் அதைத் திறந்து பார்ப்பதையே விட்டிருந்தார்.

நான் அப்போது பைத்தான் என்ற நிரல்மொழியை நானாகக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு ஃபைலுக்குப் பெயர் நாம் வைப்பது. ஆனால் அது எந்த வகை என்பது அதன் உள்ளேயே, முதல் சில பைட்டுகளில் எழுதியிருக்கும். ஜேபிஜி படத்துக்கு ஒரு தொடக்கம், வீடியோவுக்கு ஒரு தொடக்கம், பாட்டுக்கு ஒன்று. எங்கள் ஊரில் மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், மூட்டையின் மேலே எழுதியிருப்பதைப் பார்க்க மாட்டார்கள். அந்த மாதிரிதான். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து முதல் பைட்டுகளைப் படித்து, படமென்றால் ஒரு ஃபோல்டரில் போடும்படி எழுதினேன். சின்ன நிரல். இன்றைக்கு எங்கள் புதுப்பெண் டீ குடிக்கும் நேரத்தில் எழுதிவிடுவாள். எனக்கு அது ஓடி முடிவதற்குள், எழுதிப் பிழை வந்து, மறுபடி எழுதி, ஒரு வாரம் போய்விட்டது.

முதல் படம் தானாக எழுந்து அந்த ஃபோல்டரில் விழுந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் அதற்கப்புறம் எந்தப் பெரிய சம்பளத்திலும் வரவில்லை. கடையில் யாரும் இல்லை. எழுந்து நின்று சத்தமாகச் சிரித்தேன்.

பூங்கொடி அடிக்கடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சின்னச் சின்னப் படங்களாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் யாருடைய கல்யாணமோ ஓடியது. ஒரு நாள் திரையில் விரலை வைத்தாள். தன்னையும் காட்டவில்லை, அவனையும் காட்டவில்லை.

"எங்கப்பா," என்றாள்.

வேட்டி மடித்துக்கட்டிக்கொண்டு, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றார் அவர். அடுத்தடுத்த படங்களில் தாலி, மாலை, தட்டு பிடித்துக்கொண்டு நிற்கும் சிநேகிதன் எல்லாம் வந்தது.

கேமராவில் எடுத்த படத்துக்குள் வேறொரு தேதியும் இருக்கும். எடுத்த நாள், எடுத்த நேரம், எந்தக் கேமரா என்று கேமராவே எழுதிவைப்பது. மெட்டாடேட்டா என்போம். ஃபைலின் மேல்தேதி போனாலும் உள்ளே இருக்கும் இந்தத் தேதி போகாது. அதையும் படிக்கும்படி நிரலில் சேர்த்து, ஆசையாகப் படித்துப் பார்த்தேன். ஜனவரி மாதம் என்றது. அதுவும் சில வருடங்களுக்கு முந்தைய ஜனவரி. அப்போது பூங்கொடி அவனைப் பார்த்ததேயில்லை. அவன் கேரளாவில் வேலையில் இருந்தான்.

பாய் தலையில் கைவைத்தார். பழைய கேமரா, பேட்டரி ரொம்ப நாள் வெளியே கிடந்தால் தேதி மறந்துபோய்ப் பழைய வருடத்து ஜனவரி ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பிக்கும். அவர் சரிசெய்ததே இல்லை. தேதியைப் பற்றி வாயைத் திறக்காமல் பிரிண்ட் மட்டும் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார். பூங்கொடி ஒத்துக்கொள்ளவில்லை.

"அவங்க தம்பி மொபைல் கடை வெச்சிருக்கறானுங்க. எப்படியும் பாத்துருவான். தப்பான தேதின்னு நானே மொதல்ல சொல்லிப்போடறேன். அப்பத்தான் நாம சொல்றது நிக்கும்."

அதற்கப்புறம்தான் எனக்கு வெறி பிடித்தது. கேமரா தப்பான நாளில் எண்ண ஆரம்பித்திருக்கலாம். ஆனால் எண்ணிக்கை தப்பாக இருக்காதே. அதே ஜனவரியில் வேறு என்னென்ன படம் எடுத்திருக்கிறது என்று தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். எங்கள் மலையை ஆண்ட மன்னன் பெயரில் நடக்கும் ஆடிப் பதினெட்டு ஓரி விழா வந்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் வருடம் பெரிதாக அச்சடித்திருந்தது. அடுத்து, பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கொடியேற்றம். இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் இருக்க வேண்டுமோ, கேமராவின் கணக்கிலும் அத்தனை நாள்தான் இருந்தது. பூங்கொடி கல்யாணம் கொடியேற்றத்துக்கு அடுத்து வந்தது. கேமரா தேதிக்கும் உண்மைத் தேதிக்கும் இருந்த வித்தியாசத்தைக் கூட்டினேன். போன ஆவணி, அவள் சொன்ன அதே முகூர்த்த நாள். அவளிடம் சொன்னபோது, "அதான் எனக்குத் தெரியுமுங்களே," என்று சிரித்தாள்.

கூட்டம் வாழவந்தி நாட்டில், கோயிலுக்கு முன்னால். நல்ல வெயில். கடையின் லேப்டாப்போடு நானும் பாயும் போயிருந்தோம். நான் கண்ணால் பார்த்தேன் என்று பாய் சொன்னதை, படத்துக்குக் காசு வாங்கினவர் பேச்சு என்று பையன் வீட்டில் தள்ளிவிட்டார்கள். வெயிலில் திரை கன்னங்கரேலென்று இருந்தது. யாரோ ஒரு கம்பளியைக் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கம்பளிக்குள் தலையைவிட்டுப் பார்த்தார்கள். நானும் உள்ளே குனிந்து விளக்கினேன். வியர்த்து ஊற்றியது. பூங்கொடி முதலிலேயே எழுந்து நின்று, இந்தப் படத்துக்குள் இருக்கும் தேதி தப்பு, ஏன் தப்பு என்பதை இவங்க சொல்வாங்க என்று சொல்லிவிட்டாள். ஓரி விழாவையும் கொடியேற்றத்தையும் காட்டினேன். பேனரில் இருந்த வருடத்தை அவர்களில் மூத்த பெரியவர் வாய்விட்டுப் படித்தார். அந்த விழாவில் அவரும் மேடையில் உட்கார்ந்திருந்தார். தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையனுடைய தம்பி விடவில்லை. தேதிக்காக அவன் சண்டை போடவில்லை, வேறு பக்கம் வந்தான்.

"எங்க சித்தப்பனையே இவங்க பனிமலை மேல நிக்க வெச்சாங்க. ஒட்டற கடைங்க அது. இதயும் ஒட்டத் தெரியாதா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நியாயமான கேள்வி. என் முகம் சுட்டது. நல்லவேளையாக அந்தச் சித்தப்பன் படமும் லேப்டாப்பில் இருந்தது. என் நிரலை அதன்மேல் ஓட்டினேன். ஒட்டுவதற்கு நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள், படத்தைச் சேமிக்கும்போது தன் பெயரையும் உள்ளே எழுதிவைக்கும். சித்தப்பன் படத்தில் அந்தப் பெயர் இருந்தது. கல்யாணப் படங்கள் ஒன்றில்கூட இல்லை. கேமராவின் பெயர் மட்டும்தான்.

பெரியவர் கம்பளியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "ஏஞ்சாமி, இது கேமரா எடுத்தபடிக்கே இருக்குது, அது கடையில கை வெச்சது. அப்படித்தானே?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். படத்தில் தட்டுப் பிடித்துக்கொண்டு நின்ற சிநேகிதனை அவர் கூப்பிட்டு, நீயும் உள்ளே போய்ப் பார் என்றார்.

அவன் கம்பளிக்குள் ரொம்ப நேரம் இருந்தான். வெளியே வந்து யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"நாந்தானுங்க அது."

அதற்கப்புறம் பேச்சு அதிகமில்லை. கல்யாணம் நடந்தது, பிள்ளைக்கு அப்பன் அந்த வாழவந்திப் பையன்தான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சேர்த்துவைக்கவா என்று பூங்கொடியைக் கேட்டார்கள். அவள் யோசிக்கவேயில்லை.

"அவங்களோட வாழறதுக்குக் கேக்கலீங்க. நான் பொய் சொல்லலைன்னு ஊரு சொல்லோணும். அது போதும்."

தாலியைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு எங்களோடு பஸ் ஏறினாள். செம்மேட்டில் இறங்கியதும் தன் அப்பா சிரிக்கும் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னாள். பின்னால் பனிமலை வேண்டாம் என்றும் சொன்னாள். நானே லேமினேஷன் போட்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ நிரல் எழுதியிருக்கிறேன். பெரிய கம்பெனிகளில் ஓடுபவையும் உண்டு. ஆனால் எதை எழுதினாய் என்று யாராவது கேட்டால், என் மனசில் அந்த மழை நாள் நிரல்தான் முதலில் வரும். பெருமைதான், மறைப்பானேன்.

அந்த ஸ்டுடியோ இப்போது பேக்கரி. அன்வர் பாய் அடிவாரத்தோடு நின்றுவிட்டார். எல்லார் கையிலும் கேமரா இருக்கும்போது யார் ஸ்டுடியோவுக்கு வருவார்கள்? படங்கள் பெருகிவிட்டன. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்குள் பழைய நிரலை ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அனுப்பும்போதே எல்லாவற்றையும் துடைத்துத்தான் அனுப்புகிறது. எடுத்த நாள் இல்லை, நேரம் இல்லை, கேமரா இல்லை.

போன மாதம் பூங்கொடி ஒரு படம் அனுப்பினாள். அவள் மகள் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையோடு நிற்கிறாள். தாத்தாவின் அதே வாய்கொள்ளாத சிரிப்பு. பழக்கதோஷம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வெறுமை. ஃபோன் போட்டு எப்போது எடுத்தது என்று கேட்டேன். காலேஜ் சேர்ந்த அன்றைக்குக் காலையில், பஸ் ஏறுவதற்கு முன்னால், ஊட்டு வாசல்ல, மழை தூறிக்கொண்டிருந்தது, இவள் நனைந்துவிடுவாளே என்று அவசரமாக எடுத்தேன், கை ஆடிவிட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

படத்தில் இது எதுவுமே இல்லை.