எந்தப் பாகத்துக்கு நேர்ச்சை?

போன செவ்வாய்க்கிழமை மண்டைக்காட்டில் ஒரு கடைக்காரர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். இதை எழுதும் இந்த நிமிடம் வரை எனக்குப் பதில் தெரியவில்லை.

கோயிலுக்குப் போகும் வழியில் நேர்ச்சைப் பொருட்கள் விற்கிற கடை அது. தகட்டில் வெட்டிய கை, கால், கண், முழு ஆள் உருவம் என்று வரிசையாக வைத்திருந்தார். கால் வலி என்றால் கால், கண் நோய் என்றால் கண். வாங்கி அம்மனுக்குச் செலுத்திவிட்டு வர வேண்டும்.

"எந்தப் பாகத்துக்கு நேர்ச்சை?" என்றார்.

"வயிறு," என்றாள் என் தங்கை சுசீலா.

"தலை," என்றேன் நான், அதே நேரத்தில்.

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களுக்கு நடுவில் நின்ற சுசீலாவின் மகள் ரம்யாவைப் பார்த்தார். நோய் யாருக்கு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒனக்கு எங்க மக்கா நோவு?"

"தெரியல," என்றாள் ரம்யா.

சொல்லுங்கள்... 'தெரியல' என்பதற்கு எந்தத் தகட்டை வாங்குவது?

ரம்யா குலசேகரத்துப் பிள்ளை. அப்பா மஸ்கட்டில். காலேஜுக்காக நாகர்கோவிலில் என் வீட்டில் தங்கியிருக்கிறாள். வந்த புதிதில் என் மீன் குழம்புக்கு மறுசோறு வாங்கித் தின்றவள்தான். பிறகு காலையில் வேண்டாம் என்றாள். அப்புறம் ராத்திரியும் வேண்டாம். கேட்டால், "காலேஜ்ல தின்னாச்சு பெரியம்மா." நானும் நம்பினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள், கேன்டீன், பப்ஸ்... அப்படித்தானே நினைப்போம்? காலேஜ் லேபில் மயங்கி விழுந்த பிறகுதான் அங்கேயும் தின்பதில்லை என்ற விஷயம் வெளியே வந்தது.

ஆனால் அதற்கு முன்பே ஒன்று என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டு முன்வாசல் பழைய இரட்டைக் கதவு. ஒரு கதவு எப்போதும் தாழ்ப்பாள் போட்டே கிடக்கும். திறந்திருக்கும் மற்றக் கதவு வழியாகத்தான் போக்கும் வரவும். நான் நேராக நுழைவேன். என் ஆகிருதி எப்படி என்பது இந்தப் பத்திக்கு மேலே அச்சாகிற படத்திலேயே தெரியும் – அதுவும் பழைய படம். ரம்யா மட்டும் தோளைத் திருப்பி, ஒருக்களித்துத்தான் நுழைவாள்.

"இடிக்கும் பெரியம்மா."

எது இடிக்கும்? அவளோடு இன்னொரு ரம்யாவும் ஒரு தண்ணீர்க் குடமும் சேர்ந்தே அந்த வழியாகப் போகலாம்.

இதை டாக்டரிடம் சொன்னேன். நரம்பு டாக்டர் இல்லை, மனநல டாக்டர். "ஏன் அக்கா, நம்ம பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று சுசீலா வாசலிலேயே அழுது, அவளைச் சமாதானப்படுத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போக எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. டாக்டரம்மா பொறுமைசாலி. நான் சொன்ன கதவுக் கதையை அவர் ஆச்சரியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"நம்ம உடம்பு எவ்வளவு அகலம்னு மூளைக்குள்ள ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கும். நாம இடிக்காம நடக்கிறது அதை வெச்சுத்தான். இவளுக்கு அந்தக் கணக்கு தப்பா இருக்கு. கண்ணாடியைக் காட்டி 'பார், மெலிஞ்சிருக்கே'ன்னு நீங்க எவ்வளவு சொன்னாலும் கணக்கு மாறாது."

சரி, அதாவது புரிந்தது. அடுத்துச் சொன்னதுதான் குழப்பிவிட்டது. பசி, படபடப்பு, வயிறு நிறைந்த உணர்வு, துக்கம், பயம் – இதெல்லாம் மூளையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற சமாச்சாரமாம். சிலருக்கு அது பிரிந்து தெரிவதில்லை. கவலை வந்தால் கவலை என்று தெரியாது. உடம்பு பெருத்துவிட்டது என்று தெரியும்.

"பழைய டெலிபோன்ல நாம ஒருத்தரைக் கூப்பிட்டா வேற யாரோ பேசுவாங்களே... அப்படியா டாக்டர்?"

"ஏறக்குறைய. முழுசா எங்களுக்கும் தெரியாது."

டாக்டரே தெரியாது என்றால் நான் எங்கே போவேன்? ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது பகீரென்றது. மஸ்கட்டிலிருந்து அவள் அப்பா போனில் மார்க்கைப் பற்றிச் சத்தம் போட்ட அன்றெல்லாம், "இன்னிக்கு ரொம்பத் தடிச்சிருக்கேன் பெரியம்மா" என்பாள். எடை மெஷின் முள் ஆடியிருக்காது. நான்தான் "எங்கட்டீ தடிச்ச?" என்று சண்டைக்கு நிற்பேன்.

டாக்டர் எங்களுக்கு இரண்டு கட்டளை போட்டார். உடம்பைப் பற்றி வாதாடக் கூடாது. மனதில் என்ன என்று கேட்க வேண்டும். கூடவே ஓர் எச்சரிக்கை – எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டும், இதயம் தாங்காது.

சுசீலாவுக்கு இதில் மூளை என்ற ஒரு சொல் மட்டும்தான் ஏறியது.

"அப்ப மண்டைக்குள்ளதான நோவு? மொதல்லயே சொல்லியிருந்தா மண்டைக்காட்டுக்கு எப்பவோ போயிருக்கலாமே."

எங்கள் ஊரில் தலைவலிக்காரர்கள் அந்த அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்வார்கள். அரிசி மாவும் வெல்லமும் பாசிப்பருப்பும் சேர்ந்த அப்பம். சாப்பிட மாட்டேன் என்கிற நோய்க்கு மருந்து ஓர் அப்பம்! சிரிப்பதா, அழுவதா? படைத்துவிட்டு வந்தால் போதாது, பிரசாதத்தை அவள் தின்னவும் வேண்டும். தின்னாவிட்டால் சுசீலா உடைந்துபோவாள். வற்புறுத்தினால் ரம்யா இன்னும் இறுகிப்போவாள். அந்தக் கலக்கத்தோடுதான் பஸ் ஏறினேன்.

கடையில் கடைசியாக முழு ஆள் உருவம் வாங்கினோம். எல்லாப் பாகமும் அதில் அடங்கிவிடுமே. சன்னதியில் குலசேகரத்துக்காரி ஒருத்தி எதிர்ப்பட்டு, "அய்யோ, என்ன பிள்ளே, இப்பிடி மெலிஞ்சு போன?" என்று ரம்யாவின் கன்னத்தில் கை வைத்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அந்த அம்மாள் பாவப்பட்டுச் சொன்னதை இவள் பாராட்டாக வாங்கிக்கொண்டாள்.

அப்பத்தை வாங்கிக்கொண்டு கடற்கரை மணலில் உட்கார்ந்தோம். சுசீலா இலையை நீட்டினாள்.

"ஏட்டி, இது சாப்பாடு இல்ல, பிரசாதம். வேண்டாம்னு சொல்லப்பிடாது."

ரம்யா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "தடிச்சுப் போச்சு பெரியம்மா. இந்தா, இருந்த இருப்புல தடிச்சுப் போச்சு. சுடிதார் இறுக்குது."

கடல் காற்றில் அந்தச் சுடிதார் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாக்கு நுனி வரை வந்த வாதத்தை முழுங்கிவிட்டு, டாக்டர் சொல்லித் தந்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

"உடம்ப விடு மக்கா. மனசுல என்ன?"

ரம்யா மணலைப் பார்த்தபடி சொன்னாள். "தின்னலேன்னா அம்ம அழுவா. தின்னா எனக்கு உள்ள என்னமோ ஆவும். ரெண்டும் பயமா இருக்கு."

பயம்! இத்தனை மாதத்தில் 'தடிச்சுப் போச்சு' என்பதைத் தவிர தன் நோவுக்கு வேறொரு சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

"நான் அழமாட்டேன்," என்றாள் சுசீலா. "நீ தின்னாலும் தின்னாட்டாலும் அழமாட்டேன்." சொல்லும்போதே கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து ரம்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு நெல்லிக்காய் அளவு பிட்டு வாயில் போட்டாள். மென்றாள்... மென்றுகொண்டே இருந்தாள்... கடைசியில் விழுங்கினாள்.

அம்மனா, டாக்டரா, சுசீலாவின் கண்ணீரா? யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி உங்களைச் சந்தோஷப்படுத்தவும் முடியாது. அன்று ராத்திரி சோற்றை ஒதுக்கிவிட்டாள். டாக்டரிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் சாயங்காலம் வீடு திரும்பியபோது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். நான் முதலில் உள்ளே நுழைந்தேன். பின்னால் வந்த ரம்யா வழக்கம்போலத் தோளைத் திருப்பினாள். எனக்கு என்ன தோன்றியதோ, தாழ்ப்பாளை நீக்கி மற்றக் கதவையும் திறந்துவிட்டேன்.

"இது எதுக்குப் பெரியம்மா?"

"எனக்குத்தான். நான் தடிச்சுப் போனேன்லா, இடிக்குது."

அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"சும்மா இருங்க பெரியம்மா. ஒங்களுக்கு ஒரு கதவே தாராளம்."

என்னில் பாதிகூட இல்லாத பிள்ளை, இரண்டு கதவும் திறந்து கிடந்த வாசலில் ஒருக்களித்து நுழைந்தபடியே அதைச் சொன்னாள்.